பதினாலு மில்லிமீட்டர் தீர்த்தம்

ஏழூரணி வெயிலைப் பற்றிச் சொன்னால் பொய் என்பீர்கள், அங்கே பெய்த மழையைப் பற்றிச் சொன்னால் அதைவிடப் பெரிய பொய் என்பீர்கள், ஆகையால் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்: இந்தக் கதையில் தண்ணீர் ஊற்றியது நான் இல்லை. ஊரில் பாதிப்பேர் இன்னமும் என்னைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவன், பஞ்சர் பார்க்க எந்நேரமும் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்திருந்தவன், வாயைத் திறந்தால் நாலில் மூன்று புளுகு என்று பேர் வாங்கியவன் என்றால் சந்தேகம் வேறு எங்கே போய் உட்காரும்?

ஊரைச் சுற்றி ஏழு ஊரணிகள் இருந்தன. மூன்று வருஷமாக மழை இல்லாமல் ஒன்றில் இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள், ஒன்றில் கல்யாணப் பந்தல் போட்டார்கள், மற்ற ஐந்திலும் கருவேலம் முளைத்து ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கின. கண்மாய் வெடித்துக் கிடந்த கிடப்பில் ஒரு வெடிப்புக்குள் விழுந்த வெள்ளாட்டுக்குட்டியைக் கயிறு விட்டுத்தான் எடுத்தோம். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, துணியில் சோப்பு நுரைக்காது, அப்படி ஒரு உப்பு. ஆகவே ஊர் குடித்ததெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் தாலுகாவிலிருந்து வரும் லாரித் தண்ணீர். அதைக் குடித்தால் நீச்சல் குளத்தைக் குடித்த மாதிரி பிளீச்சிங் பவுடர் நாறும். உப்புத் தண்ணீர், பிளீச்சிங் தண்ணீர் என்று ஊரில் தண்ணீர் இரண்டே வகை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வளாகத்தில், கம்பிவேலிக்குள், அரசாங்கம் வைத்த மழைமானி ஒன்று நின்றது. முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், தலையில் புனல், வயிற்றுக்குள் பாட்டில், அவ்வளவுதான் அதன் உடம்பு. அதைக் கவனித்துவந்தது அறிவியல் டீச்சர் தவமணி. தினமும் காலை எட்டரை மணிக்கு, பள்ளி மணி அடிக்குமுன், தவமணி டீச்சர் வேலியைத் திறந்து, புனலைக் கழற்றி, பாட்டிலை எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, ஊற்ற ஒன்றுமில்லாவிட்டாலும் ஊற்றி, குனிந்து கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, தாலுகா அலுவலகத்துக்குப் போனில் செய்தி அனுப்புவார். மூன்று வருஷமாக அனுப்பியது ஒரே செய்தி: பூஜ்யம். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளிலும், அவர் புருஷன் செத்துப் பதினாறாம் நாளிலும், எட்டரைக்கு அந்தக் குனிவு தப்பியதில்லை. அளந்ததை எழுதணும், நினைத்ததை எழுதக்கூடாது என்பது அவர் சட்டம். பத்தொன்பது வருஷப் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

தெருவின் மறுகோடியில், அதே எட்டரைக்கு, மேகங்காத்தாள் அம்மன் கோயிலில் மணி அடிக்கும். அடிப்பது பூசாரி ராக்கப்பன், டீச்சருடைய கூடப்பிறந்த அண்ணன். அப்பா பூசாரி, மகனுக்குக் கோயிலையும் மகளுக்குப் படிப்பையும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். இருவரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். பேச்சு உண்டு, நம்பிக்கைதான் கிடையாது. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. சின்ன வயதில், கோயில் கதவைச் சாத்திவிட்டுப் போனால் அம்மன் பொங்கலைத் தின்றுவிடுகிறாள் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எட்டு வயசுத் தவமணி கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது அம்மனுக்கு மீசை அரும்பியிருந்தது. அன்றைக்கு அப்பன் அடித்த அடியில் ராக்கப்பன் அம்மன் காலைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தான்: இனி உன் பேரைச் சொல்லி என் வாயால் ஒரு பொய் வராது, நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லமாட்டேன். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றியும் வந்தார். குறி கேட்டு வருகிறவர்களிடம், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, வேண்டுமானால் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிடும் பூசாரியை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்கமாட்டீர்கள். தங்கச்சிக்கு மட்டும் அந்தச் சத்தியத்தின் மேலும் சந்தேகம்.

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு டீச்சர் பாட்டிலை எடுத்தபோது அது கனத்தது. ஊற்றினார். பதினாலு மில்லிமீட்டர். வேலிக்கு வெளியே மண் பொறிந்துகொண்டிருந்தது. புனலுக்குப் பக்கத்தில் நின்ற எருக்கஞ்செடியின் இலையில் தூசிகூடக் கலையவில்லை. டீச்சர் முதலில் எதிரே இருந்த என்னைப் பார்த்தார், பிறகு தெருக்கோடியில் கோயிலைப் பார்த்தார், எவனோ வேலை காட்டியிருக்கிறான் என்று தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டுப் பூஜ்யம் எழுதினார். அன்றைக்குச் சாயங்காலமே வேலிக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டார்.

புதன்கிழமை பூட்டைத் திறந்து பார்த்தார். பதினாலு. அதையும் கொட்டிவிட்டு, கோபத்தில் எழுத்து அழுந்த, பூஜ்யம். வேலிக்கு மேலே இன்னும் நாலு சுற்று முள்கம்பி ஏறியது.

வியாழக்கிழமையும் பதினாலு இருந்தது. இந்தத் தடவை டீச்சர் கொட்டவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பில்லை, பிளீச்சிங் இல்லை. பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய் மூன்று சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தார்: ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் லாரித் தண்ணீர், ஒன்றில் இது. மூன்றிலும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். கிணற்றுத் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்தது, லாரித் தண்ணீர் கழுநீர் மாதிரி மங்கியது, மூன்றாவது குழாய் கண்ணாடி போல அப்படியே நின்றது. உப்பு இல்லாத தண்ணீர் ஏழூரணியில் எந்த வீட்டிலும் இல்லை. இல்லாததை எவனும் ஊற்ற முடியாது. ஊற்றாமல் புனலுக்குள் வருகிற தண்ணீருக்கு ஒரே பேர்தான் இருக்கிறது. டீச்சர் பேனாவைத் திறந்து எழுதினார்: மழை, 14.0.

நம் ஊர் ஆட்களுக்கு அதிசயத்தைப் பழகிக்கொள்ள இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் வேலிக்கம்பியில் மஞ்சள் கயிறு தொங்கியது, நாலாம் நாள் புனலுக்குச் சந்தனம் வைத்தார்கள். டீச்சர் துணியை நனைத்து அதைத் துடைத்து, விட்டம் குறைந்தால் அளவு மாறும் என்று சத்தம் போட்டார். ஐந்தாம் நாளிலிருந்து பெண்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். பதினாலு மில்லிமீட்டர் என்பது கேட்கத்தான் பெரிது, அந்தப் புனலுக்கு அது கால் லிட்டர் சொச்சம். முந்நூறு வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்குக் கால் தேக்கரண்டிகூட வரவில்லை. அதைக் கண்ணில் ஒற்றி, தலையில் தடவி, மிச்சத்தைக் குழந்தையின் வாயில் விட்டார்கள். டீக்கடையில் அரை டம்ளர் டீக்கு, ஒரு பதினாலு போடுப்பா என்று கேட்பது வழக்கமாயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வேனில் வந்தார்கள். வந்தவர்கள் எங்கள் கையை மோந்து பார்த்தார்கள், நாங்கள் அவர்கள் பையைத் திறந்து பார்த்தோம்.

சந்தேகமும் அதே வேகத்தில் வளர்ந்தது. எவன் வீட்டுச் செம்பு ஈரமாக இருந்தாலும் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பெண்டாட்டி எழுந்து வெளியே போனால் புருஷன் பின்னாலேயே போனான். டீச்சரே ஊற்றிக்கொள்கிறாள், பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று ஒரு கட்சி. பூசாரிதான், உண்டியலுக்காக என்று ஒரு கட்சி. சைக்கிள் கடைக்காரன்தான், சும்மா வேடிக்கைக்காக என்று ஒரு கட்சி. மூன்றிலும் அதுதான் கொஞ்சம் பொருத்தமானது என்று எனக்கே பட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்துத் தலைவர் குருவையா ஏற்பாட்டில், காலை எட்டரைக்குப் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி என்று எல்லாரிடமும் காட்டிவிட்டு, ஊரே வேலியைச் சுற்றி உட்கார்ந்தது. கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை, எல்லாரும் அடுத்தவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது யாருடைய கிடாயோ ஒன்று பலமாகத் தும்மியது. முந்நூறு வீட்டு ஜனமும் ஒரு தடவை திரும்பி அந்தக் கிடாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. டீச்சர் புனலைக் கழற்றினார். பாட்டிலில் பதினாலு. அன்றைக்கு அந்தக் கிடாயையும் சந்தேகப்பட்டு விசாரித்தோம்.

இதில் எல்லாருக்கும் புரியாத ஒன்று ராக்கப்பன் பூசாரி. ஊரே திரண்டு போய், அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி ஒரு பூசை போடுங்கள் என்று கேட்டபோது அவர் மணியைத் துடைத்துக்கொண்டே முடியாது என்றார். அம்மன் கொடுப்பதாக இருந்தால் கண்மாயில் கொடுப்பாள், கவர்மெண்டு டப்பாவில் கொடுக்க அவளுக்கு என்ன தலையெழுத்து, எவனோ விளையாடுகிறான், போய் ஆளைப் பிடியுங்கள் என்றார். சொல்லும்போது முகம் வெளிறியிருந்தது. ஆக, சாமி கும்பிடாத டீச்சர் இது நிஜம் என்று சாதிக்க, சாமிக்கே மணி ஆட்டுகிறவர் பித்தலாட்டம் என்று சாதிக்க, யார் பக்கம் நிற்பது பக்தி, யார் பக்கம் நிற்பது புத்தி என்று தெரியாமல் ஊர் நடுத்தெருவில் நின்றது.

அப்படி நிற்கும்போதுதான் லாரி வராமல் போனது.

ஐந்து நாள் சேர்ந்தாற்போல் பத்து மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானால் அந்த ஊருக்குத் தண்ணீர் லாரி கிடையாது என்று தாலுகாவில் ஒரு விதி. டீச்சர் தினமும் பதினாலு, பதினாலு என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். வெடித்த கண்மாயைப் பார்த்தார், வரிசையில் நின்ற காலிக் குடங்களைப் பார்த்தார், தானே குனிந்து அளவுக் கண்ணாடியைப் பார்த்தார். பதினாலு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, டீச்சர் பூஜ்யம் என்று எழுதினால் நாளைக்கே லாரி, பதினாலு என்று எழுதினால் இது மழை பெய்த ஊர், மழை பெய்த ஊருக்கு நான் எந்த முகத்தோடு லாரி அனுப்புவது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

லாரி இல்லாமல் நாலு நாள் போனது. கால் தேக்கரண்டித் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் வந்து கேட்டார், ஊர் வந்து கேட்டது, ஒரே ஒரு வட்டம் போடுங்கள் டீச்சர், அதில் என்ன குறைந்துவிடும் என்று. வாங்கிய சம்பளத்துக்கு அளந்ததைத்தான் எழுதுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவர் வீட்டு வாசலில் அன்றைக்கு யாரோ காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ராக்கப்பன் மகள் நாகஜோதி தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்று இருந்தது. துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் இரண்டு டிரம் இல்லாமல் நான் கை வைக்கமாட்டேன், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் நாற்பது கிலோமீட்டர் அந்த ரோட்டில் இவள் தாங்கமாட்டாள் என்று கையை விரித்துவிட்டாள். நாகஜோதியைத் தூக்கி வளர்த்ததில் பாதி அத்தை தவமணிதான். அவருக்குப் பிள்ளை இல்லை.

சனிக்கிழமை காலை, எட்டரைக்குக் கால் மணி இருக்கும்போது, பூசாரி வேலிக்கு வெளியே வந்து நின்றார். கோயில் மணி அன்றைக்கு அடிக்கவில்லை. நான் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கியபடி இருந்தேன். காது இந்தப் பக்கம் இருந்தது.

"தவமணி. பூஜ்யம் எழுது தாயி."

"பாட்டில்ல தண்ணி இருக்குண்ணே."

"இருந்துட்டுப் போகட்டும். உன் மருமக வலியெடுத்துக் கிடக்கா."

டீச்சர் உள்ளே போய், அட்டை கிழிந்த ஒரு விதிப் புத்தகத்தை எடுத்துவந்தார். ராத்திரியெல்லாம் படித்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது. விரலை வைத்து வாசித்தார்: மழை, தூறல், ஆலங்கட்டி, பனி, இவை அளந்து பதியப்படவேண்டும்.

"இதுல தீர்த்தம்னு ஒரு வார்த்தை இல்லை. பூசாரி இது தீர்த்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, இது மழையில்லை. மழையில்லாததை நான் எழுதவேண்டியதில்லை."

பூசாரி கம்பியைப் பிடித்துக்கொண்டார். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

"நான் பார்க்காததைச் சொல்லமாட்டேன்னு அம்மன் காலைப் பிடிச்சிருக்கேன். உனக்குத் தெரியும்."

"தெரியும். நானும் அளந்ததை மறைக்கமாட்டேன்னு இருக்கேன். நீயும் நானும் சத்தியவான்களாவே இருப்போம், நாகஜோதியை யார் பார்க்கிறது?"

பூசாரி அந்தப் புனலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு திருடன் இன்னொரு திருடன் வீட்டை எட்டிப்பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிறகு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது, கையில் ஒரு தாள் இருந்தது. மேற்படி மழைமானியில் தினமும் காணப்படும் நீர் மழை அல்ல என்றும், அருள்மிகு மேகங்காத்தாள் அம்மனின் தீர்த்தம் என்றும் இதனால் சான்றளிக்கிறேன். கீழே கையெழுத்து, அதன் மேல் கோயில் ரப்பர் ஸ்டாம்பு.

டீச்சர் அதைப் பதிவேட்டில் ஊசி குத்தி வைத்துவிட்டுப் பூஜ்யம் எழுதினார். ஓரத்தில், தீர்த்தம் 14.0, மழையில் சேராது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. தாலுகா அதிகாரி அந்தச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கோப்பில் சேர்த்துக்கொண்டார். ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் எதையும் கோப்பில் சேர்க்கலாம். அன்றைக்கு மத்தியானமே லாரி வந்தது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, மூக்கு அத்தைக்காரி மூக்கு.

அந்தச் சனிக்கிழமையோடு சேர்த்துப் பதினாலு நாள் பாட்டிலில் பதினாலு இருந்தது, டீச்சர் பதினாலு நாளும் பூஜ்யம் எழுதினார், லாரியும் வந்தது, தீர்த்தமும் கிடைத்தது. இப்படியே போனால் போதும் என்று ஊர் நினைக்கத் தொடங்கிய பதினைந்தாம் நாள் பாட்டில் காய்ந்துபோயிருந்தது. சிலர் அழுதார்கள், சிலர் யார் ஊரில் இல்லை என்று எண்ணிப் பார்த்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போயிருந்த நாலு பேரைத் திரும்பி வந்ததும் சட்டையைப் பிடித்தார்கள். வேலியில் மஞ்சள் கயிறு வெளுத்து அறுந்து விழுந்தது.

ஐப்பசி பிறந்ததும் வானம் கருத்தது. நிஜமான, இடி இடிக்கிற, மண் மணக்கிற, தலையில் விழுகிற மழை. மறுநாள் எட்டரைக்கு டீச்சர் குடையோடு, கணுக்கால் தண்ணீரில் நடந்து வேலிக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தார். உள்ளே சுடுமணல் மாதிரி உலர்ந்து கிடந்தது. மழை அந்தப் புனலை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தது. டீச்சர் நனைந்தபடியே சிரித்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அளந்ததை எழுதணும் அல்லவா? எழுதினார்: பூஜ்யம். தெருத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் லாரி ஊருக்குள் வந்தது, டிரைவர் இறங்கமாட்டேன் என்று ஹாரன் அடித்தான்.

ஆனாலும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. வானம் கருத்த அன்றைக்கே, சத்துணவுக் கூடத்திலிருந்து நேர்ச்சுவர் வைத்த ஒரு அண்டாவை முற்றத்தில் வைத்து, அதற்குள் அடிஸ்கேலை நிறுத்தியிருந்தார். முதல் நாள் அண்டாவில் பதினாலு மில்லிமீட்டர். இரண்டாம் நாள் பதினாலு. இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்தது. கண்மாயில் தண்ணீர் மடைக்கு ஒரு ஆள் உயரம் கீழே நின்றுவிட்டது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மழை கொட்ட, எங்கள் எல்லையில் கோடு கிழித்த மாதிரி வெயில்.

டீச்சர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவணியில் அவர் மழை என்று எழுதியது எத்தனை நாள்? ஒன்பது. பெய்தது எத்தனை நாள்? ஒன்பது. மறுபடி எண்ணினார், விரல் மாற்றி எண்ணினார், என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். அளவு முதலில் வந்திருக்கிறது, மழை பின்னால் வந்திருக்கிறது; எழுதியதை மட்டும் வானம் கொடுத்திருக்கிறது, பூஜ்யம் என்று எழுதியதைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. இது அறிவியல் இல்லை என்று அவரே சொன்னார். இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். பூசாரி வாசித்துவிட்டு, ஊசியைக் கழற்றித் தன் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். அம்மன் முன்னால் நின்று, நான் பார்க்காததைச் சொல்லிவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன் என்று நாலாகக் கிழித்தார். அவர் திரும்பி வந்து பக்கத்தில் நிற்க, டீச்சர் சிவப்பு மையில் தன் வாழ்நாளின் முதல் திருத்தத்தைப் போட்டார். தீர்த்தம் என்று தள்ளிய பதினாலு பூஜ்யங்களை அடித்துப் பதினாலு பதினாலாக எழுதினார். மீதி இருந்தது முதல் இரண்டு நாள், செடிக்குக் கொட்டிய செவ்வாயும் புதனும். அங்கே வந்ததும் பேனா நின்றது.

"அண்ணே, இந்த ரெண்டு நாள் தண்ணியை நான் நாக்குல வைக்கலை. சோதனையும் பண்ணலை. இது என்ன தண்ணின்னு எனக்குத் தெரியாது."

"என்னை எதுக்குக் கேட்கிற?"

"கேட்கலை. சொன்னேன்."

பூசாரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அன்றைக்கு அப்படி ஒன்றும் வேர்க்கிற வெயில் இல்லை. டீச்சர் அவரையே பார்த்தபடி அந்த இரண்டையும் சேர்த்துப் பதினாறு நாளையும் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மழை பிடித்தது. அண்டாவில் பதினாலு. நாள் தவறாமல் பதினாலு. பத்தாவது நாள் மடை நனைந்தது, பதின்மூன்றாவது நாள் ஏழு ஊரணியும் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன, பதினைந்தாவது நாள் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று குலவையிட்டது. பூசாரி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். டீச்சர் மட்டும் கரைக்கு வரவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினாறாவது நாள் காலை எட்டரைக்கு அண்டா காலி. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

டீச்சர் எழுந்தார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அளவுக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாக வாசல் மிதிக்காத கோயிலுக்கு நடந்தார். பின்னாலேயே ஊரும் நடந்தது, ஊருக்கு முன்னால் நான். கர்ப்பகிரகத்து வாசலில் அபிஷேகத் தண்ணீர் எடுக்கிற சின்னப் பித்தளைச் செம்பு இருந்தது. டீச்சர் அதை எடுத்துத் தொட்டியில் முக்கி, கழுத்து வரை நிரப்பி, ஒரு சொட்டு சிந்தாமல் அளவுக் கண்ணாடியில் ஊற்றினார். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல், கண்ணாடியை அண்ணன் கையில் கொடுத்தார். எட்டிப் பார்த்த எனக்குக் கோடு தெரிந்தது. பதினாலு.

பூசாரி கண்ணாடியிலிருந்த தண்ணீரைத் தொட்டியிலேயே திருப்பி ஊற்றினார்.

"மூணு வருஷமா இல்லை இல்லைன்னு எழுதுற. ஒரு நாளாவது உண்டுன்னு எழுதட்டும்னுதான் ஊத்தினேன். என் வாயால அம்மன் பேர் சொல்லலை. ஒரே நாள்தான் தாயி. அந்தச் செவ்வாய் மட்டும்தான். அடுத்த நாள் பாட்டில்ல அதே பதினாலைப் பார்த்ததிலிருந்து நான் தூங்கலை. அம்மன் மேல சத்தியமா ஒரே நாள்தான். நீ நம்பமாட்ட."

டீச்சர் பதிவேட்டை அம்மன் வாசல்படியில் விரித்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே சிவப்பில் இருந்த பதினாலை அடித்து, மறுபடி பூஜ்யம் போட்டார்.

"நம்புறேன். பதினாறு எழுதினேன், பதினஞ்சு பெஞ்சிருக்கு. ஒண்ணுதான் குறையுது."

அன்றிலிருந்து தினமும் எட்டரைக்கு மழைமானிப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். தங்கச்சி குனிந்து அளவைப் பார்க்கிறாள், அண்ணன் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான், பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கோயில் செம்புக்கு இப்போது சங்கிலியும் பூட்டும் உண்டு. சாவி டீச்சரிடம், மழைமானி வேலியின் சாவி பூசாரியிடம். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு என் கடைச் சட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.